பரிமாணமும் தொலைவும்

ஒரு பெட்டியின் பரிமாணங்கள் 40, 30, 20 சென்டிமீட்டர் என்று குறிக்கும்போது நாம் எழுதி வைப்பவை மூன்று தொலைவுகளே. அந்த மூன்று அளவுகளில் எதுவும் பரிமாணம் அன்று. மற்ற இரண்டையும் தொடாமல் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ இயலும்படி அங்கே மூன்று திசைகள் இருக்கின்றன என்பதுதான் பரிமாணம் சொல்லும் செய்தி. அதே பெட்டியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராக அளந்தால் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் வரும். இது நான்காவது தொலைவு. நான்காவது பரிமாணம் அன்று, ஏனெனில் முதல் மூன்றும் முடிவானவுடன் இதுவும் முடிவாகிவிடுகிறது. அளவுகளையே பரிமாணங்கள் என்று அழைக்கும் பேச்சு வழக்கில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை வடிவியலுக்குள்ளும் கொண்டு செல்பவர்கள், பரிமாணத்தை ஒருவகை நீளமாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள்.

தொலைவு என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான செய்தி. பரிமாணம் என்பது அப்புள்ளிகள் இருக்கும் வெளியின் இயல்பு. புவியின் மேற்பரப்பில் ஓரிடத்தைச் சுட்ட அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் போதும் என்பதால் அது இருபரிமாணப் பரப்பு. அந்த எண்கள் தொலைவுகள் அல்ல. தீர்க்கரேகையில் ஒரு பாகை வேறுபாடு நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அதில் பாதி. துருவத்தில் ஒன்றுமே இல்லை. எண்கள் இடத்தைச் சுட்டிவிடுகின்றன. இரண்டு இடங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அறிய, தொலைவைக் கணக்கிடும் விதி ஒன்று தனியே வேண்டும்.

அந்த விதி எப்படி இருக்க வேண்டும் என்பதை 1906-இல் கணிதவியலாளர் மோரிஸ் ஃப்ரேஷே பொதுமைப்படுத்தினார். தொலைவு எதிர்க்குறி எண்ணாக இருக்கலாகாது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது சுழியாக வேண்டும். போகும் தொலைவும் வரும் தொலைவும் சமமாக இருக்க வேண்டும். இடையில் மூன்றாவது புள்ளி ஒன்றைத் தொட்டுச் செல்வதால் தொலைவு குறைந்துவிடக் கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரே தளத்தில் பல தொலைவுகளை வரையறுக்கலாம். ஒரு புள்ளியிலிருந்து கிழக்கே 3 அலகும் வடக்கே 4 அலகும் தள்ளியிருக்கும் இன்னொரு புள்ளி, நேர்கோட்டில் அளந்தால் 5 அலகு தொலைவிலும், குறுக்கே செல்ல வழியில்லாத கட்டத் தெருக்களின் வழியே அளந்தால் 7 அலகு தொலைவிலும் இருக்கிறது. தொலைவு மாறினாலும் தளத்தின் பரிமாணம் இரண்டாகவே நிற்கிறது.

பரிமாணத்தை வெறும் எண்களின் எண்ணிக்கை என்று சொல்லி முடித்துவிட முடியாது என்பதை கணிதவியலாளர்கள் சற்றுக் கடினமாகவே கற்றுக்கொண்டார்கள். ஒரு கோட்டிலுள்ள புள்ளிகளையும் ஒரு சதுரத்திலுள்ள புள்ளிகளையும் ஒன்றுக்கு ஒன்றாக இணைத்துவிடலாம் என்று 1877-இல் நிறுவிய கேண்டர், அதைக் காண்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை என்று சக கணிதவியலாளர் டெடகிண்டுக்குக் கடிதம் எழுதினார். 1890-இல் பியானோ, சதுரத்தின் எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் தொடர்ச்சியான வளைவரை ஒன்றையே காட்டினார். அப்படியானால் சதுரத்தின் புள்ளிகளை ஒரே எண்ணால் சுட்டிவிடலாமே, இரண்டு பரிமாணம் என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி எழுந்தது. கேண்டரின் இணைப்பு அருகருகே உள்ள புள்ளிகளைச் சிதறடித்து, தொடர்ச்சியை உடைக்கிறது. பியானோவின் வளைவரை சில புள்ளிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொடுகிறது. ஒன்றுக்கு ஒன்றாகவும் இருபுறமும் தொடர்ச்சியாகவும் அமையும் இணைப்பால் பரிமாணத்தை மாற்ற முடியாது என்று 1911-இல் பிரவுவர் நிறுவினார். இழுத்தாலும் சுருக்கினாலும் தொலைவுகள் எல்லாம் மாறிவிடும், பரிமாணம் மாறாது என்பதே இதன் சாரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் முடிவு வேறில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1918-இல் ஹவுஸ்டார்ஃப் தொலைவையே அடிப்படையாகக் கொண்டு வேறொரு பரிமாணத்தை வரையறுத்தார். அதன்படி, முடிவில்லாமல் மடிந்துகொண்டே போகும் கோக் வளைவரையின் பரிமாணம் ஏறத்தாழ 1.26. பரிமாணம் கூடும்போது தொலைவுகளும் வியப்பூட்டுகின்றன. பக்க நீளம் 1 என்றால் சதுரத்தின் மூலைவிட்டம் 2-இன் வர்க்கமூலம், கனசதுரத்தில் 3-இன் வர்க்கமூலம். நூறு பரிமாணக் கனசதுரத்தில் அது 10 ஆகிவிடும்.

கதைகளில் வரும் ‘வேறொரு பரிமாணத்து மனிதர்கள்’ எங்கோ வெகுதொலைவில் வசிப்பவர்களாகச் சித்திரிக்கப்படுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது. பரிமாணம் போய்ச் சேரும் ஊர் அன்று. காலத்தை நான்காவது பரிமாணம் என்று சொல்வதன் பொருளும், ஒரு நிகழ்ச்சியைச் சுட்ட மூன்று இட எண்களோடு நேரமும் தேவை என்பதுதான். நொடியை ஒளியின் வேகமான நொடிக்கு 29,97,92,458 மீட்டரால் பெருக்கினால் அதுவும் மீட்டரில் வந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி 1908-இல் விளக்கிய, இடமும் காலமும் சேர்ந்த காலவெளியில், இரண்டு நிகழ்ச்சிகளின் இடைவெளியைக் கணக்கிடும்போது நேர வேறுபாட்டின் வர்க்கமும் இட வேறுபாட்டின் வர்க்கமும் எதிரெதிர்க் குறிகளோடு சேர்கின்றன. அதனால், ஒரு விண்மீனிலிருந்து ஒளி புறப்படும் நிகழ்ச்சிக்கும் அது நம் கண்ணை எட்டும் நிகழ்ச்சிக்கும் இடையிலான இடைவெளி, விண்மீன் எத்தனை ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தாலும், சுழியாகிவிடுகிறது. வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்கு இடையே சுழி வருவதால் அது ஃப்ரேஷேயின் நிபந்தனைப்படி தொலைவே ஆகாது. காலவெளியின் பரிமாணம் மட்டும் ஐயமின்றி நான்காகவே நிற்கிறது.