பட்டறை நாட்குறிப்பு: ஹூண்டாய் ஐ20-யில் ராலிக்குத் திரும்பிய வருஷம்

2014 ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். பட்டறை பூட்டியிருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை; கடலூரில் பாதிப் பேர் கட்டுச்சோற்றோடு அங்கேதான் இருந்தார்கள். மனைவி புளிசாதத்தைப் பிரித்து வைத்தாள். நான் போனைத் தட்டிக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு ஒரு நாளாவது அதைக் கீழ வையுங்களேன்" என்றாள். வைக்க முடியவில்லை. ஹூண்டாய் கம்பெனி இன்றைக்கு மான்டே கார்லோவில் ஐ20 காரோடு உலக ராலிக்குத் திரும்புகிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திரும்பி வரப்போவதாக அவர்கள் சொன்னது 2012 செப்டம்பரில், பாரிஸ் கண்காட்சியில். அப்போது நான் இன்னொருவர் பட்டறையில் தினக்கூலிக்கு ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் வந்து என் ஷெட்டின் கூரைத் தகடுகளைத் தூக்கிப் போனது. கடனை அடைத்து, கூரை போட்டு, மறுபடி பலகை மாட்ட ஒன்றரை வருஷம் ஆனது. மாட்டியது போன ஆடியில்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது செய்தி வந்தது. ஹூண்டாய் ஓட்டுகிற தியெரி நூவில் முதல் ஸ்டேஜிலேயே மோதிவிட்டார். வண்டி அவுட். மகள்தான் இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள். "அப்பா, முதல் ஸ்டேஜா? அவ்வளவுதானா?" என்று கேட்டாள். இன்னொரு வண்டி இருக்கிறது, டானி சோர்டோ ஓட்டுகிறார் என்றேன். அப்புறம் அவளுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

ராலி என்பது வட்டத்தில் சுற்றும் பந்தயம் இல்லை. சாதாரண ஊர் ரோட்டை, மலை ரோட்டை, காட்டுப் பாதையை அடைத்து, ஒவ்வொரு வண்டியாக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அப்படி அடைத்த ஒவ்வொரு துண்டு ரோடும் ஒரு ஸ்டேஜ். கடிகாரம்தான் எதிராளி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வளைவு எப்படி என்று நோட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டே வருவார். ஒரு ஸ்டேஜ் முடிந்தால் அடுத்த ஸ்டேஜுக்கு அதே வண்டியை, மற்ற ஜனங்கள் போகும் ரோட்டில், சிக்னலுக்கு நின்று ஓட்டிப் போக வேண்டும். எனக்கு ராலி பிடித்ததே இதனால்தான். நம்பர் பிளேட் உள்ள வண்டி, ரோட்டில் ஓடுகிற வண்டி.

2014 ஜனவரி 18, சனி

தை ஐந்து, ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றங்கரையில் சாமிகள் வரிசையாக இறங்கி நின்றன. கரும்பும் சுருளிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வீடு வந்து பார்த்தால், சோர்டோ வண்டியும் இல்லை. முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி மின்சாரக் கோளாறில் நின்றுபோயிருக்கிறது. ஜெயித்தது ஃபோக்ஸ்வாகன், செபாஸ்டியன் ஓஜியே.

இரண்டு வண்டி போய் இரண்டுமே முடிவுக் கோட்டைத் தொடவில்லை. மனசு கனத்துத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வயர் ஒன்று எங்கோ உரசி நின்றுபோவது புது வண்டிக்கு வருகிற நோய். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அடுத்த வண்டி நிற்காது.

2014 ஜனவரி 27, திங்கள்

வாத்தியார் ஐயாவின் ஆக்சென்ட் மறுபடி வந்தது. 2001 மாடல். ஹீட் ஏறுகிறது என்கிறார். முன்பக்கம் பழைய அடி. பானெட் ஒரு ஓரத்தில் விரல் நுழைகிற அளவு தூக்கி நிற்கிறது. "வித்துடலாமா தம்பி?" என்று கேட்டார். "இருக்கட்டும் ஐயா, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

இந்த வண்டியைப் பார்த்தால் எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும். ஹூண்டாய் உலக ராலியின் மேல் வகுப்புக்கு முதலில் போனது ஆக்சென்ட்டில்தான். 2000-ல் ஸ்வீடனில் ஆரம்பித்தார்கள். நான் அப்போது புதுச்சேரியில் தொழில் கற்றுக்கொண்டிருந்த பையன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியிலிருந்து 1998-ல் சான்ட்ரோ வந்தது, அடுத்து ஆக்சென்ட் வந்தது. நம் ஊர்க்காரன் கை வைத்துச் செய்கிற வண்டி அங்கே பனியில் ஓடுகிறது என்று பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டி டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

அந்த ஆக்சென்ட் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. 2003-ல் பணத்தைக் காரணம் காட்டி, சீசன் முடியும் முன்பே விலகிவிட்டார்கள். தோற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வருஷத்தை முடிக்காமல் போனதுதான் வலித்தது. எடுத்த வண்டியைப் பாதியில் பிரித்துப் போட்டுவிட்டு ஷெட்டைப் பூட்டிப் போவது மாதிரி. அந்தப் படத்தை அன்றைக்குக் கிழித்தேன்.

2014 மார்ச் 10, திங்கள்

தூங்கவில்லை. மெக்சிகோவில் மதியம் என்றால் நமக்கு நடு ராத்திரி. நூவில் மூன்றாவது! மேடை ஏறிவிட்டார்கள். ஆக்சென்ட் நாலு வருஷத்தில் செய்யாததை ஐ20 மூன்றாவது ராலியிலேயே செய்துவிட்டது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கடைசி ஸ்டேஜ் முடிந்து சர்வீஸ் இடத்துக்கு வருகிற வழியில் ரேடியேட்டர் ஒழுகிவிட்டது. அந்த வழியில் மெக்கானிக் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் மட்டும், வண்டிக்குள் இருக்கிற சாமான்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்த மூன்றாம் இடமும் போச்சு. கையில் தண்ணீர் இல்லை. அங்கே கொடுத்த பெரிய கொரோனா பீர் பாட்டில் ஒன்று இருந்தது. நூவிலும் நிக்கோலா ஜில்சூலும் அதைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றி வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

காலையில் பட்டறையில் இதைச் சொன்னதும் பையன் நம்பவில்லை. "பீரா அண்ணே?" என்றான். ஏன் முடியாது? அதிலும் பெரும்பாகம் தண்ணீர்தான். இன்ஜினுக்கு அப்போதைக்கு வேண்டியது சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு திரவம். பிறகு கழுவிக்கொள்ளலாம்.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. நெய்வேலியிலிருந்து ஒரு வேனை ஓட்டி வந்தேன். வடலூர் தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை, பீய்ச்சி அடிக்கிறது. பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சமையல் சாமான் பெட்டியிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலத்தை எடுத்தார். ஆறட்டும் என்று கால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு துணியைப் போட்டு மூடியைத் திறந்து, இரண்டு கைப்பிடி தூளைப் போட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி, "ஸ்டார்ட் பண்ணி மெதுவா விடு" என்றார். தூள் சுற்றி வந்து ஓட்டையில் அடைந்தது. சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றேவிட்டது. மஞ்சள் கறை படிந்த அந்த ரேடியேட்டரை மறுநாள் கழற்றிச் சுத்தம் செய்ய எனக்கு அரை நாள் ஆனது. ஆனால் வேன் கடலூர் வந்து சேர்ந்தது. அந்த டிரைவர் பெயர்கூட நான் கேட்கவில்லை.

நூவிலும் ஜில்சூலும் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த வடலூர் ரோடுதான் தெரிந்தது.

2014 ஜூன் 30, திங்கள்

போலந்தில் மறுபடி மூன்றாம் இடம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

2014 ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று எலைட் ஐ20 இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டது. டீக்கடையில் இதே பேச்சு. "ராலியில ஓடுறது இதுதானாப்பா?" என்று கேட்டார்கள். இல்லை. அது பழைய ஐ20-யின் உடம்பு. உடம்பு என்று சொல்வதுகூடச் சரியில்லை; உள்ளே எல்லாமே வேறு. 1.6 லிட்டர் டர்போ, சுமார் 300 குதிரை சக்தி, நாலு சக்கரத்துக்கும் இழுவை. என்னிடம் சர்வீசுக்கு வருகிற 1.2 பெட்ரோல் ஐ20-க்கு 80 தான். ராலி வண்டியைக் கட்டுவது ஜெர்மனியில், அல்ட்சனாவ் என்ற ஊரில். அணித் தலைவர் மிஷேல் நந்தன்.

ஆனாலும் டீக்கடையில் விட்டுக்கொடுக்கவில்லை. ஐ20 இங்கே வந்தது 2008 கடைசியில். ஐரோப்பாவில் ஓடிய முதல் ஐ20-கள் இருங்காட்டுக்கோட்டையில் செய்து சென்னையிலிருந்து கப்பல் ஏறியவை. துருக்கியில் செய்ய ஆரம்பித்தது 2010-ல்தான். அந்தப் பெயரை அங்கே ரோட்டில் முதலில் ஓட்டிக் காட்டியது நம் ஊர் வண்டி. இதில் எனக்குப் பெருமை உண்டு. போன வருஷம் கௌரவ் கில் எம்.ஆர்.எஃப். அணியின் ஸ்கோடாவில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வாங்கினாரே, அப்போது வந்த அதே பெருமை.

2014 ஆகஸ்ட் 21, வியாழன்

மனசு சரியில்லை. ஜெர்மனி ராலி நாளை ஆரம்பம். இன்றைக்கு வெறும் சோதனை ஓட்டம். அதில் நூவில் ரோட்டை விட்டு வெளியே போய், மோசல் ஆற்றுப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குள் பல தடவை உருண்டிருக்கிறார். வீடியோ பார்த்தேன். சரிவில் திராட்சைக் கொடிகளை வாரிக்கொண்டு வண்டி புரண்டு புரண்டு போகிறது. ஆள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. வண்டியில் நேரான தகடு ஒன்றுகூடக் கிடையாது.

சாயந்திரம் டிங்கர் அண்ணன் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கடலூரில் உருண்ட வண்டி என்றால் ஒரு காலத்தில் அவர் வாசலுக்குத்தான் போகும். தானேவுக்குப் பிறகு சுத்தியலைத் தொடவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "எத்தன நாள் டைம்?" என்றார். நாளைக்குக் காலையில் வண்டி தயாராக நிற்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார்.

அவருக்குத் தெரியும். மரக்காணம் பக்கத்தில் உருண்ட ஒரு டாக்சியை நாங்கள் இரண்டு பேரும் சேர்த்து நாற்பத்தோரு நாள் பார்த்தோம். தகடு தட்டுவதற்கு முன்னால் அவர் நூல் பிடிப்பார். முன்பக்கம் இடது மூலையிலிருந்து பின்பக்கம் வலது மூலைக்கு ஒரு நீல நூல், முன்பக்கம் வலது மூலையிலிருந்து பின்பக்கம் இடது மூலைக்கு இன்னொன்று. இரண்டு நூலும் ஒரே நீளமாக இருந்தால் வண்டி நேர். அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் வண்டி நண்டு மாதிரி ஓடும், டயரைத் தின்னும். நூல் சரியாக வரும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க விடமாட்டார்.

ராலி வண்டிக்குள் எஃகுக் குழாய்க் கூண்டு வெல்டு செய்திருக்கும். அது வளையாமல் இருந்தால், சக்கரம் பிடிக்கிற இடங்கள் நகராமல் இருந்தால், மிச்சமெல்லாம் மாற்றிவிடலாம். இருந்தாலும் ஒரே ராத்திரி.

2014 ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டி தயாராக நிற்கிறது! விடிய விடிய வேலை பார்த்துக் காலையில் நூவில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

2014 ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாகவே எழுதுகிறேன்.

ஓஜியே ஏற்கெனவே வெளியே போய்விட்டார். காலையில் ஃபோக்ஸ்வாகனின் இன்னொரு ஆள் யாரி-மாட்டி லாட்வாலா முதலிடம், நல்ல இடைவெளி. நூவில் மூன்றாவது வந்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டு வஞ்சிரம் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மகள் தெருமுனைக்கே ஓடி வந்தாள். லாட்வாலா இன்றைய முதல் ஸ்டேஜிலேயே ரோட்டை விட்டு இறங்கிவிட்டாராம். அப்படியானால் சிட்ரோயன் ஓட்டுகிற கிறிஸ் மீக் முதலிடம். மீன் பையைக் கீழே வைக்கவில்லை, அடுத்த ஸ்டேஜில் மீக்கும் மோதிவிட்டார்.

நூவில் முதலிடம். மூன்று நாளைக்கு முன்னால் தலைகீழாக உருண்ட அதே வண்டி.

மிச்சமிருந்த ஸ்டேஜ்கள் முடியும்வரை நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் முடிந்தது. நூவில் முதலிடம், சோர்டோ 40.7 விநாடி பின்னால் இரண்டாமிடம். ஜனவரியில் கோட்டைத் தொடாத அதே இரண்டு பேர். ஹூண்டாயின் முதல் வெற்றி, நூவிலுக்கும் முதல் வெற்றி. போன வருஷம் ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்துத் தொடர்ந்து 12 ராலி ஜெயித்துவந்த ஃபோக்ஸ்வாகன் இன்று மூன்றாவதாக நிற்கிறது.

மற்றவர்கள் மோதியதால் கிடைத்த வெற்றி என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். ராலியில் வண்டியை ரோட்டில் வைத்திருப்பதும் ஓட்டுவதுதான். வியாழக்கிழமை ராத்திரி அந்த மெக்கானிக்குகளில் ஒருவன், "இது ஆகாது" என்று ஸ்பேனரைக் கீழே வைத்திருந்தால் இன்றைக்கு முதலிடத்தில் நிற்க ஆளே இருந்திருக்காது.

மீன் குழம்பு ஆறிவிட்டது. யாரும் கோபப்படவில்லை.

2014 ஆகஸ்ட் 25, திங்கள்

மேடைப் படம் நாலைந்தை பையனைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். ஒன்றை டூல்ஸ் பெட்டி மூடியில் ஒட்டியாகிவிட்டது. பழைய பசைத் தடம் இன்னும் இருந்தது.

வாத்தியார் ஐயாவுக்குப் போன் போட்டேன். ஆக்சென்ட்டை விற்க வேண்டாம், இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, முன்பக்க அடியில் சட்டம் நகர்ந்து ரேடியேட்டர் ஒரு பக்கமாக இழுபடுகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது, முதலில் அதை நேராக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்றார்.

மதியம் டிங்கர் அண்ணன் பட்டறைக்கு வந்தார். கூரை மாற்றிய பிறகு இன்றைக்குத்தான் உள்ளே காலெடுத்து வைக்கிறார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேடையையோ கோப்பையையோ அவர் பார்க்கவில்லை. வண்டியின் கதவு இடுக்கில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார், காகிதத்தில்.

"இடைவெளி ஒரே சீரா இருக்கு" என்றார்.

அப்புறம் ஆக்சென்ட் பக்கம் போய், தூக்கி நின்ற பானெட் ஓரத்தில் குனிந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அந்த நீல நூலு எங்கடா வச்ச?"