கோவையில் ஒரு குழல்மீன்

பாக் நீரிணையின் கடற்புல் படுகையில் அனுமதி வாங்கி எடுத்த குழல்மீன்கள், கடல்குதிரைக்கு உறவான குச்சி போன்ற மெல்லிய மீன்கள், இப்போது கோவையில், எங்கள் கல்லூரி ஆய்வகத்துப் புட்டிகளில் ஆல்கஹாலில் இருக்கின்றன. "ஏனுங் மேடம், இதுல கொழம்பு வெக்கக்கூடச் சதை இல்லீங்களே, இதையப் போயி நாள் பூரா பாக்கறீங்க?" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். நியாயமான கேள்விதான்.

குழல்மீனுக்குச் செதில் கிடையாது, உடல் முழுக்க எலும்பு வளையங்கள். அவற்றை எண்ணித்தான் இனம் பிரிக்கிறோம். மார்புத் துடுப்பு முளைக்கும் வளையம் முதலாவது; மலவாய் உள்ள வளையத்தோடு உடல் முடியும்; அதற்கப்புறம் வால். மீன் ஈரமாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து விளிம்பே தெரியாது. ரப்பர் பல்பால் மெல்லக் காற்றடித்து மேலீரம் போனதும், நுண்ணோக்கிக்கடியில் வளையங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஊசிமுனையை நகர்த்தி நகர்த்தி எண்ண வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து.

சில மீன்களின் வால் வளையங்கள் நாங்கள் நினைத்திருந்த இனத்தின் கணக்குக்குள் வரவில்லை. ஆய்வு மாணவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இது புது இனம்தான், என்ன பெயர் வைக்கலாம் என்றே பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரே இனத்துக்குள்ளேயே வால் வளையம் கூடக்குறைய வரும் என்பதால் நான் அசையவில்லை. ஆனால் உடலின் பக்கவாட்டில் ஓடும் வரப்பு, வாலின் வரப்போடு சேராமல் விலகி முடிகிறது. அந்த இனத்துக்கு அது சேர்ந்திருக்க வேண்டும். இதைப் பார்த்த பிறகுதான் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சிக்கல் என்னவென்றால், கிடைத்தவற்றில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட இல்லை. இந்தக் குடும்பத்தில் முட்டையைச் சுமப்பது ஆண். வயிற்றடியில் சுமக்கிறதா வாலடியிலா, முட்டை இருக்கும் பை மூடியதா திறந்ததா என்று பார்க்காமல், இனத்துக்கு மேல் படியான பேரினத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

கடற்கரையில் செத்துக் கிடப்பதை எடுத்து வரலாமே என்றால், அனுமதியில்லாமல் அதுவும் முடியாது. 2001இல் கடல்குதிரையோடு குழல்மீன்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சட்டத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் இழுவைமடி வலையில் மற்றதோடு வாரி வரும் பொடிமீனை, ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்களே, அதைக் காயவைத்து நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். அதில் குழல்மீன் கலந்திருந்தால் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? நாங்கள் தேடும் ஆணை நம்மூர்க் கோழி எப்போதோ கொத்தித் தின்றிருக்கலாம்.

வனத்துறைக்கு அடுத்த விண்ணப்பம் தயாராகிறது. முட்டை சுமக்கும் பருவத்து ஆண் என்று இந்த முறை தனியாகக் குறிப்பிட்டுக் கேட்கிறோம்.