மண்ணுளிக்கு ஒரு படுக்கை

ஜனவரி 6, 2024, டொராண்டோ
வளர்ப்பவர் வீட்டிலேயே பிறந்த கென்ய மண்ணுளிப் பாம்பு ஒன்று அடுத்த சனிக்கிழமை இங்கு வருகிறது. பொழுதின் பெரும்பகுதியைப் புதைந்தே கழிக்கும் உயிர் என்பதால், கண்ணாடித் தொட்டியைவிட அதன் அடியில் எதைப் பரப்புவது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது. (ஊரில் நாம் மண்ணுளி என்று அழைப்பது இதன் நெருங்கிய உறவு, அதை வீட்டில் வைத்திருப்பது இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

ஜனவரி 8
பாலைவனப் படம் போட்ட கால்சியம் மணல் மூட்டையைக் கடைக்காரர் எடுத்து வைத்தார், நான் வாங்கவில்லை. இரையோடு சேர்ந்து உள்ளே போகும் அந்த மணல் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளக்கூடும். சிடார் மரச்சீவலின் மணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த மணத்தைத் தரும் எண்ணெய்தான் பாம்பின் மூச்சுப்பாதைக்குக் கேடு. நன்கு உலர்த்தப்படாத பைன் சீவலும் அப்படியே. தேங்காய் நார்த்தூள் காய்ந்தால் தூசியாகப் பறக்கிறது.

ஜனவரி 10
ஆஸ்பென் மரச்சீவலை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, விரலால் குடைந்து பார்த்தேன். சீவல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் வளை சரியாமல் நின்றது. நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே இதன் குறை. ஆகவே கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடு குறைந்த மூலையில் வைத்தேன். மறைவிடக் கல்லைச் சீவலின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே ஊன்றினேன். அடியில் குடையும்போது கல் பாம்பின்மேல் இறங்கிவிடக் கூடாதல்லவா?

ஜனவரி 11
நல்ல வேளையாக இன்றே அளந்து பார்த்தேன். தொட்டிக்கு அடியில் ஒட்டிய சூடேற்றும் விரிப்பு இயங்கும்போது சீவலின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸ் காட்டியது. சீவலை விலக்கிக் கண்ணாடியைத் தொட்டு அளந்தபோது 41. மேலே காட்டும் அளவை நம்பி நான் சூட்டைக் கூட்டியிருந்தால், சூடு தேடி அடிவரை குடைந்து செல்லும் பாம்பின் வயிறு வெந்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரியைக் கண்ணாடிக்கே மாற்றி, 33 டிகிரியில் நிறுத்தினேன்.

ஜனவரி 13
வந்தது, புதைந்தது. அவ்வளவுதான்.

ஜனவரி 20
உறைநிலை நீக்கிய எலிக்குஞ்சைச் சீவல் ஒட்டாதபடி ஒரு தட்டையான ஓட்டின் மேல் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் தலை மட்டும் வெளியே வந்து, இரையைப் பற்றி, ஓட்டின் மேலேயே விழுங்கி முடித்தது. வாயோரம் ஒட்டியிருந்த ஒற்றைச் சீவலைக் கல்லில் தேய்த்து உதறிவிட்டு, மீண்டும் உள்ளே போயிற்று.