47 நிமிட வித்தியாசம்

சிறுத்தை ஆய்வுக் குழுவோடு இரண்டு வாரம் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. உண்ணி கடித்த இடம் ஆறிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் மேலுள்ள கோபம் ஆறவில்லை.

விண்ணப்பம், நேர்காணல், தடுப்பூசி எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தன. இழுத்தடித்தது காப்பீடுதான். "அவசர மீட்பும் இதில் அடக்கம்" என்று தொலைபேசியில் பேசியவர் உறுதியாகச் சொன்னார். நம்பிப் பணம் கட்டினேன். ஆய்வுக் குழுவினர் அந்த ஆவணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைச் செலவு அதில் இருந்தது. காட்டுக்குள்ளிருந்து மருத்துவமனைவரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு இல்லை. சாலையே இல்லாத இடத்தில் கால் முறிந்தால் அதுதானே முதல் செலவு! விடுப்பு எடுத்து நேரில் போனால், "அந்தப் பிரிவு இங்கே இல்லை" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வேறு நிறுவனத்தில் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். மீட்புச் செலவு எழுத்தில் இருக்கிறதா, காட்டு நடையைச் 'சாகசம்' என்று விலக்கியிருக்கிறார்களா, இரண்டையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள். மருத்துவச் சான்றிதழில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்காகவும் ஒருமுறை அலைந்தேன்.

களத்தில் என் வேலை தானியங்கி கேமரா பொருத்துவது. பாதையின் இருபுறமும் எதிரெதிராக ஒரு ஜோடி, முழங்கால் உயரத்தில். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிவானால்தான் ஒரு விலங்கை இரண்டாக எண்ணும் தவறு நேராது.

நான்காம் நாள் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தபோது 2,300 படங்கள். ஏறக்குறைய எல்லாமே புல். கேமராவுக்கு நேராக ஒரு கொத்தை வெட்டாமல் விட்டிருந்தேன். வெயிலில் சூடேறி அது அசைந்தபோதெல்லாம் வெப்பத்தின் அசைவைக் கண்டு படமெடுக்க வைக்கும் உணரி விழித்துக்கொண்டிருக்கிறது. அன்று முதல், பொருத்தியதும் கேமராவின் உயரத்துக்குக் குனிந்து எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நகர்ந்ததில்லை.

அந்தப் புல்லுக்கு நடுவேதான் சிறுத்தை இருந்தது. வலப்பக்கம் ஒரு கேமராவில், நேரம் 2:14. இடப்பக்கம் எதிர்க் கேமராவில், நேரம் 1:27. ஒரே சிறுத்தையா, அடுத்தடுத்து வந்த இரண்டா? முந்தைய குழுவினர் பேட்டரி மாற்றியபோது கடிகாரத்தைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் படிவத்தில் 'நேரம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் அழகாக 'டிக்' போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் அந்த 'டிக்'கை நம்பித்தானே பொருத்தினேன்!

காப்பாற்றியது ஒரு சிலேட்டு. பொருத்தியவுடன் இட எண், தேதி, என் கைக்கடிகார நேரம் மூன்றையும் சாக்பீஸால் எழுதி ஒவ்வொரு கேமராவுக்கும் காட்டிப் படம் பதிய வைக்கும்படி குழுத் தலைவி சொல்லியிருந்தார். 1:27 காட்டிய கேமராவின் முதல் படத்தைத் திறந்தோம். சிலேட்டில் 10:32, படத்தின் ஓரத்தில் 9:45. சரியாக 47 நிமிடம் பின்தங்கல். 2:14 காட்டிய கேமரா சிலேட்டோடு பொருந்தியது. கூட்டிப் பார்த்தால் 1:27 என்பதும் 2:14தான்!

முந்தைய குழு அந்தக் கேமராவில் எடுத்த படங்களில் சிலேட்டு இல்லை. நேரத்தை நம்ப முடியாததால் தலைவி அவற்றைத் தனியே ஒதுக்கிவைத்தார். பல நாள் உழைப்பு அது. இன்னும் மனம் வலிக்கிறது.

எங்கள் சிறுத்தையின் இரு பக்கப் புள்ளிகளையும் பழைய படங்களோடு ஒப்பிட இரவு வெகுநேரமாயிற்று. எதனோடும் பொருந்தவில்லை. அடையாளம் கண்ட சிறுத்தைகளின் பட்டியலின் கடைசியில் புதிய எண் ஒன்றை என்னையே எழுதச் சொன்னார் தலைவி.