பிரவுசரில் கிடந்த சான்றிதழ்

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் நெட்வேர்க் பிரிவில் வேலை செய்கிறேன். புதுப் பிள்ளைகள் வரும் வாரத்தில் எங்கள் கவுண்டர் வரிசை படிக்கட்டு வரை நீளும். கம்பஸ் கொடுக்கும் கண்காணிப்பு மென்பொருளை லப்டொப்பில் போட்டால்தான் வைஃபை என்பது அப்போதைய விதி.

வவுனியாவில் இருந்து வந்த ஒரு தம்பி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பாவித்த லப்டொப்பை நீட்டினான். உள்ளே விண்டோஸ் இல்லை, டெபியன் என்ற இலவச, திறந்த மூலநிரல் லினக்ஸ். எங்கள் மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும்தான் ஓடும்.

"விண்டோஸ் போட்டுக்கொண்டு வாங்கோ தம்பி."

"காசு குடுத்து வாங்க ஏலாது அண்ணா. களவுக் கொப்பி போட விருப்பமில்லை."

அவனுக்கு முன்னால் வந்த மூன்று பேரிடம் இருந்தது களவுக் கொப்பி விண்டோஸ்தான். அவர்களை உள்ளே விட்டிருந்தேன்.

அன்று பின்னேரம் அந்த மென்பொருளைக் கிண்டிப் பார்த்தேன். லப்டொப்பில் உள்ள புரோகிராம்களின் பட்டியலை எங்கள் சேர்வருக்கு அனுப்புகிறது. சரி, அதுகூடப் பரவாயில்லை. ஒரு தளம் உண்மையானதா என்று பார்க்கப் பிரவுசர் நம்பியிருக்கும் ரூட் சான்றிதழ்களோடு எங்களுடையது ஒன்றையும் போட்டுவிடுகிறது. வைஃபையில் சேரும்போது சேர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பது வேறு விடயம். போலி வைஃபையில் மாட்டாமல் அது பிள்ளையைக் காக்கும். இந்த ரூட் சான்றிதழின் சாவியை வைத்திருப்பவரோ, நடுவில் நின்று வங்கித் தளத்தின் பெயரிலேயே சான்றிதழ் எழுதலாம். போகிற வருகிற எல்லாவற்றையும் பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டி அனுப்பலாம். பிரவுசரில் பூட்டுச் சின்னம் அப்படியே தெரியும். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

வைரஸ் பரவாமல் பார்ப்பது எங்கள் வேலைதான். அதற்கு 802.1எக்ஸ் என்ற நெட்வேர்க் அனுமதி முறை இருக்கிறது: ஆளை அடையாளம் கண்டு உள்ளே விடலாம், தனி வீலானில், அதாவது நெட்வேர்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியில், போடலாம், தொல்லை என்றால் இணைப்பைத் துண்டிக்கலாம். பல்கலைக்கழகங்கள் பகிரும் எடுரோம் வைஃபை இந்த முறையில்தான் ஓடுகிறது, லினக்ஸிலும் வேலை செய்கிறது. பிள்ளை தன் காசில் வாங்கிய கணினிக்குள் கைவைக்க எங்களுக்கு என்ன உரிமை?

2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனோரைப் பதியவும் முகாம்களின் கணக்கை வைக்கவும் உதவிய சஹானா என்ற மென்பொருளை எழுதியவர்கள் இலங்கைத் தொண்டர்கள். மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது உதவியது. அப்படி ஒரு வேலை நடந்த நாட்டில் டெபியனோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினேனே என்று மனம் கிடந்து அடித்தது.

தலைவருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். தேவைக்கு மேல் தரவு எடுக்கக்கூடாது என்ற 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் காட்டினேன். அடுத்த செமஸ்டரில் பிள்ளைகளின் சொந்தக் கணினிகளுக்கு அந்த விதி நீங்கியது. லாப் கணினிகளில் மென்பொருள் இருக்கிறது. அவை கம்பஸின் சொத்து, எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூத்த மாணவர்கள் பலரின் பிரவுசரில் அந்தச் சான்றிதழ் இன்னும் கிடக்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்களிடம் விளக்கிச் சொல்லி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.