தூக்கம் போய்விட்டால் அந்த எட்டு மணி நேரம் யாருக்கு?

இனிமேல் தூங்கவே வேண்டாம் என்று ஒரு வரம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று யாரைக் கேட்டாலும், வாங்கி அடுக்கி வைத்திருக்கிற புத்தகங்களைப் படிப்பேன், கிடார் கற்றுக்கொள்வேன், உடம்பைக் குறைப்பேன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் எட்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது என்றால் முதலாளிகள் அதை நம் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்களா?

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் கொதித்ததும், மே தினத்தன்று அதை வாபஸ் வாங்கியதாக அறிவித்ததும் ஞாபகம் இருக்கும். மனுஷன் தூங்கியே ஆகவேண்டிய உலகத்திலேயே அந்தக் கதை. தூக்கமே வேண்டாம் என்றால் 16 மணி நேரம் கேட்க எவ்வளவு நேரமாகும்? அப்புறம் எல்லோரும் ரெண்டு ஷிப்ட் சம்பளம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டு ஓனர் சும்மா இருப்பாரா, வாடகை ஏறும், ஸ்கூல் ஃபீஸ் ஏறும், ஒரு ஷிப்ட் போதும் என்று நினைக்கிறவனால் குடும்பம் நடத்த முடியாது. (ராத்திரி முழுக்க லைட்டும் ஃபேனும் ஓடினால் அரசு தருகிற இலவச மின்சாரம் எந்த மூலைக்கு?)

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினால் கொத்து பரோட்டா சத்தம் கேட்கும், சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம், சரி. காலையில் பத்து மணிக்கு அந்த மாதிரி ஒரு கடையின் பின்கட்டை எட்டிப் பாருங்கள். மைதா மூட்டைகளுக்கு நடுவே, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, தலைமாட்டில் டேபிள் ஃபேன் தடதடக்க, மாஸ்டர் தூங்கிக்கொண்டிருப்பார். ஊருக்காக முழித்திருந்தது அவர்தானே.

ராமாயணத்தின் நாட்டுப்புறக் கதை ஒன்றில்கூட இப்படித்தான். லட்சுமணன் காட்டில் 14 வருஷம் கண் மூடாமல் காவல் நிற்க, அவன் பங்குத் தூக்கத்தையும் சேர்த்து மனைவி ஊர்மிளை அயோத்தியில் தூங்கித் தீர்க்கிறாள். பெயர் என்னவோ லட்சுமணனுக்கு.

வரம் இல்லாமல் முயன்று பார்த்தவரும் உண்டு. அமெரிக்காவின் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயசுப் பையன், 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 11 நாள் முழித்திருந்தான். கடைசி நாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரைக்கும் வந்து நின்றுவிட்டான், ஏன் நிறுத்தினாய் என்றால், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டதாம். டால்பின்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, மூளையில் ஒரு பாதி தூங்க மறு பாதி விழித்திருக்கும். நமக்கும் அப்படி அமைந்தால் திங்கட்கிழமை மீட்டிங்கில் எந்தப் பாதியை அனுப்புவது என்று எனக்கு இப்போதே தெரியும்.

வரம் கொடுக்கிறவர் யாராவது வந்தால், வேலை நேரம் வாரத்துக்கு 48 மணிதான், ஒரு நிமிஷம் கூடாது என்று முதலில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தந்தார் என்றால் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன்.