நாளொன்றுக்கு 6

பிப்ரவரி 10, 2025, திங்கள்

இன்றிலிருந்து அத்தைக்குத் தைராக்ஸின் மாத்திரை கிடையாது. மூன்று வாரம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் 30-ஐத் தாண்டினால்தான், ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினுக்கு வாய் பிளக்கும்.

இரண்டு வருடமாக நான் செய்வதே இந்தக் கணக்குதான்: கதிரியக்க அயோடின் உடம்பில் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது. எனக்கு வரும் நோயாளிகள் பெயர் நீக்கப்பட்டு, வெறும் எண்ணாக வருவார்கள். அத்தை எண்ணாக வரவில்லை. தாராவியிலிருந்து இரண்டு பஸ் மாறி செம்பூருக்கு வந்து, "எனக்கு என்ன செய்யப் போறாவ, நீயாவது வெளங்கச் சொல்லு மருமவனே" என்றாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அயோடின் உப்பு, மீன், பால், முட்டை மஞ்சள் கரு எல்லாம் நிறுத்தம். இந்துப்புக்கு அலையவே வேண்டாம். இங்கே விரதக்காரர்கள் புண்ணியத்தில் எல்லா மளிகைக் கடையிலும் இருக்கிறது. நெத்திலிக் கருவாடு கூடாது என்றதும்தான் அத்தையின் முகம் விழுந்தது. "கழுத்த அறுத்ததே தேவல."

மாத்திரை இல்லாத அலுப்பு பேச்சிலேயே தெரிகிறது. இந்த நிலையில் சிறுநீரகமும் மந்தமாகும். அயோடின் வெளியேறுவது தாமதப்படும். என் கணினி நிரலில் அது ஒரு வரி, ஒரு பெருக்கல். இங்கே அது குழம்பைக் கிளறிக்கொண்டே சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கதிரியக்க அயோடின் காப்ஸ்யூல். கதிரியக்க அளவு 100 மில்லிகியூரி, ஈயப் புட்டியில் வந்தது. நம் நாட்டில் அயோடின்-131 பிறப்பது ட்ராம்பே அணு உலையில், டெலூரியத்திலிருந்து. செம்பூரிலிருந்து கூப்பிடு தூரம். இதைச் சொன்னபோது அத்தைக்கு ஒரு ஆறுதல், ஏதோ ஊர்க்காரர் அனுப்பிய மாதிரி.

விளங்கச் சொல்லு என்றாளே, நேற்று காகிதத்தில் ஐந்து பெட்டி வரைந்து காட்டினேன். வயிறு, ரத்தம், கழுத்து மிச்சம், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப்பை. வயிற்றிலிருந்து ரத்தத்துக்குச் சீக்கிரம் போய்விடும். அங்கிருந்து ஆளாளுக்குப் பிடுங்குவார்கள். கழுத்து பிடித்தது தங்கும். அதன் பீட்டா கதிர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, பக்கத்துச் செல்லோடு தீர்ந்துவிடும். உமிழ்நீர்ச் சுரப்பி பிடித்தது எச்சிலோடு வயிற்றுக்கே திரும்பி, மறுபடி ரத்தத்துக்கு வரும். மீதி எல்லாம் சிறுநீர். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு வேகம். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அத்தை ஐந்தாவது பெட்டியில் விரலை வைத்தாள். "இதுக்கு வேகம் என்ன போட்டிருக்க?"

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், ஐ.சி.ஆர்.பி., தந்த எண்ணைத்தான் போட்டிருக்கிறேன். வயதுவந்த ஒருவர் நாளொன்றுக்கு 6 முறை சிறுநீர் போவார் என்பது அதன் அனுமானம்.

"ஆறா? யாருலே அது?"

நாற்பது வருடமாகப் பொதுக் கழிப்பறையில் வரிசை நின்றவள். விடியுமுன் ஒருமுறை, ராத்திரி கூட்டம் குறைந்த பிறகு ஒருமுறை. இடையில் தேவைப்படக் கூடாது என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படித்தான். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த எண்ணைத் தட்டச்சு செய்தபோது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

அத்தையிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த கதிர்வீச்சு, மைக்ரோசீவர்ட் கணக்கில், மணிக்கு: விழுங்கியதும் 180, நேற்று 58, இன்று 21. வீட்டுக்கு அனுப்ப 50-க்குக் கீழே வர வேண்டும். முதல் நாள் மாலைக் கட்டம் காலி. யாரும் அளக்கவில்லையாம். எனக்கு வேண்டியதே அந்தப் புள்ளிதான்.

மூன்று புள்ளிக்கு நான்கு அளவுரு பொருத்துவது கணக்கல்ல, ஜோசியம். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வேகமாக இறங்கும் பகுதிக்கு அரை ஆயுள் 14 மணி நேரம் என்று வந்தது. அயோடின் தானாகச் சிதைந்து பாதியாக 8 நாள் ஆகும். ஆக இது முழுக்க உடம்பு தள்ளிய வேகம். அடியில் மெதுவாக இறங்கும் ஒரு வால், கழுத்து பிடித்து வைத்த பங்கு, தொடக்கத்தில் 5 இருக்கலாம். வைத்தியம் அந்த வாலில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எத்தனை முறை போனாய் என்று அத்தையைக் கேட்டேன். "எண்ணலயே. கதவு இருந்துச்சு, தாப்பா இருந்துச்சு, வெளிய ஒருத்தியும் நிக்கல. சும்மாகூடப் போய் உக்காந்தேன்."

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் அயோடினை அப்படியொன்றும் வேகமாக வடிகட்டிவிடாது. ஆனால் சிறுநீர்ப்பையில் சேர்ந்தது தேங்காமல் போகும், பையின் சுவருக்குக் கதிர் குறையும். என் நிரலில் பை சீராக ஒழுகுகிறது. நிஜத்தில் அது சேர்ந்து சேர்ந்து ஒரேயடியாகக் காலியாகும் படிக்கட்டு. தாராவியில் அந்தப் படி பன்னிரண்டு மணி நேர அகலம்.

கையில் கொடுத்த தாளில் முதல் வரி: தனிக் கழிப்பறை பயன்படுத்தவும். அதனால் அத்தை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அறை நண்பன் ஒரு வாரத்துக்கு முலுண்டில். பேரனை வீடியோவில்தான் கொஞ்சுகிறாள்.

மார்ச் 7, வெள்ளி

ராத்திரி 2.10. பாத்ரூம் விளக்கு எரிந்தது. தாளில் சொன்னபடி இரண்டு தடவை ஃப்ளஷ். பிறகு சமையலறையில் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம்.

4.35. மறுபடி.